நியமனத் தலைவரா, தேர்தல் தலைவரா?

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரத்தை நிர்வகிக்கும் நகராண்மைக் கழகத் தலைவரை, 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி மாநில அரசே நியமிக்கிறது. பெரும்பாலும் அரசு ஊழியராக உயர்ந்து வந்தவர் என்பதால் உரிமம், மதிப்பீட்டு வரி, குப்பை அகற்றல் ஆகியவை அவருக்கு அத்துப்படி. ஆனால் அடுத்த பதவியும் மேலிடத்தின் கையில் இருப்பதால், லயத்து வீடுகளின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) அடைபட்ட கால்வாய் பின்தள்ளப்படக்கூடும். தேர்தலில் வென்ற தலைவரோ (1965இல் நிறுத்தப்படும்வரை ஊராட்சித் தேர்தல்கள் இங்கும் நடந்தன) வாக்காளரிடம் திரும்பி வரவேண்டியவர். தோட்டம் தனியார் நிலம் என்று கைவிரிப்பது அவருக்கு எளிதன்று. கட்சிச் சண்டையும் கூடவே வரும் என்பது உண்மைதான். ஊராட்சி மன்றங்களை ஆராய்ந்த, ஆதி நாகப்பன் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் தேர்தலையே பரிந்துரைத்தது. எனக்கும் அதுவே ஏற்புடையது, நிர்வாக அனுபவத்தைச் செயலாளர் பதவியில் வைத்துக்கொள்ளலாம்.