ஐந்து பேர், ஒரே பாட்டுப் பட்டியல்: மூன்று வருட அனுபவமும் தீராத ஒரு எரிச்சலும்

நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பட்டியலில் பாட்டு போட்டுக் கேட்பது சரிப்பட்டு வருமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். மூன்று வருடமாக ஐந்து பேர் ஸ்பாட்டிஃபை செயலியில் அப்படி ஒன்றை நடத்தி வருகிறோம். கர்நாடக இசை, ப்ளூஸ், கவ்வாலி, மெட்டல், ஜாஸ் எல்லாம் அதில் கலந்து கிடக்கின்றன. பட்டியல் தொடங்குவதும் இணைப்பை அனுப்புவதும் தெரிந்த விஷயம்தான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்தப் பாட்டையும் இழுத்து எந்தப் பாட்டுக்குப் பக்கத்திலும் வைக்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே இத்தனை நாள் இந்தச் செயலியோடு ஓட்டுகிறோம். சுத்த தன்யாசி ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸட்ஜமம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். ப்ளூஸ்காரர்கள் மைனர் பென்டடானிக் என்று சொல்லும் ஐந்து ஸ்வர வரிசையும் இதேதான். 3 கட்டையில், அதாவது ஈ (E) சுருதியில் வாசித்த வீணை ஆலாபனையை (தாளமில்லாமல் ராகத்தை விரிப்பது) முதலில் வைத்து, அடுத்தபடியாக அதே ஈ சுருதியில் ஒரு ப்ளூஸ் கித்தாரை வையுங்கள். இரண்டுக்கும் ஆதார ஸட்ஜமம் ஒன்றே. கித்தாரில் காந்தாரத்தைப் பிடித்து, கம்பியை விரலால் தள்ளி ஸ்வரத்தைக் கொஞ்சம் மேலேற்றுவார்கள். வீணையிலும் கம்பியை இழுத்துத்தான் கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு. இரண்டையும் தனித்தனியாகப் பத்து முறை கேட்டாலும் பிடிபடாத இந்த உறவு, அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே தடவையில் பிடிபட்டுவிடும்.

தோடி ராகம் இன்னொரு புதையல். கர்நாடகத் தோடியின் ஸ்வரங்களில் இந்துஸ்தானியில் இருப்பது பைரவி. அங்கே தோடி என்று பாடுவதோ ஸ்வர அளவில் நம் சுபபந்துவராளி. பெயரை நம்பித் தேடினால் இரண்டும் கலந்தே வரும். அப்படி வந்தவற்றை ஒதுக்காமல் பக்கத்துப் பக்கத்தில் வைத்ததில்தான் எங்கள் பட்டியலின் மிகச் சிறந்த நாற்பது நிமிடம் அமைந்தது.

இப்போது எரிச்சல். ஒலி அளவு! வீணை முடிந்து மெட்டல் தொடங்கும் இடத்தில் ஹெட்போனைக் கழற்றி எறியத் தோன்றும். செயலியில் ஒலியைச் சமன்செய்யும் வசதி இருக்கிறது, அது இயங்கவும் செய்கிறது. இருந்தும் ஏன் இப்படி?

ஒலியின் உரப்பை எல்.யு.எஃப்.எஸ். (LUFS) என்ற அளவில் கணக்கிடுகிறார்கள். எண் 0க்கு நெருங்க நெருங்க ஒலி பலம். செயலியின் ‘சாதாரணம்’ அமைப்பு எல்லாப் பாட்டையும் -14க்குக் கொண்டுவரப் பார்க்கிறது. மெட்டல் பதிவு -7இல் இருந்தால் 7 டெசிபல் குறைத்துவிடும், சிக்கல் இல்லை. வீணைப் பதிவு -23இல் இருக்கிறது என்று வையுங்கள். அதை 9 டெசிபல் ஏற்ற வேண்டும். ஆனால் கம்பியை மீட்டும் கணத்தில் அதன் உச்சம் ஏற்கெனவே -4 டெசிபலைத் தொடுகிறது. உச்சம் -1ஐத் தாண்டினால் ஒலி சிதையலாம் என்பதால், செயலி 3 டெசிபல் மட்டும் ஏற்றிவிட்டு நின்றுகொள்கிறது. வீணை -20, மெட்டல் -14. மிச்சம் இருக்கும் அந்த 6 டெசிபல்தான் காதில் அறைகிறது.

‘அதிகம்’ என்ற அமைப்புக்குப் போனால் தீர்ந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். போகாதீர்கள். அதன் இலக்கு -11. அங்கே லிமிட்டர் வந்து உச்சங்களை நசுக்கும். மிருதங்கத்தின் ‘தீம்’ அட்டைப் பெட்டியைத் தட்டியது போல் ஆகிவிடும். செய்ய வேண்டியது நேரெதிர். ‘குறைவு’ அமைப்பில் இலக்கு -19. வீணை அதே -20இல் நிற்கும், மெட்டல் -19க்கு இறங்கி வரும். இடைவெளி 1 டெசிபல்தான். பிறகு போனின் ஒலியைக் கூட்டிக்கொள்ளுங்கள். பாட்டிலிருந்து பாட்டுக்குக் கலந்து மாறும் கிராஸ்ஃபேடையும் 0 நொடிக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இல்லையென்றால் ஆலாபனையின் முதல் பிடி, முந்தைய பாட்டின் வாலுக்கு அடியில் போய்விடும்.

இவ்வளவு செய்தும் கோபம் அடங்காததற்குக் காரணம் உண்டு. இந்த அமைப்பு பட்டியலோடு ஒட்டுவதில்லை, ஒவ்வொரு கருவியிலும் தனித்தனி. ஐந்து பேரும் ஒவ்வொருவராக மாற்ற வேண்டும். போன் மாற்றினால் மறுபடி முதலிலிருந்து. புளூடூத் ஸ்பீக்கரில் சமன்செய்யும் வசதி வேலை செய்கிறது, ஏனென்றால் ஒலி போனிலிருந்து போகிறது. இணையத்திலிருந்து தானே பாட்டை எடுத்துக்கொள்ளும் ஸ்பீக்கருக்கு அனுப்பினாலோ, உலாவியில் கேட்டாலோ அந்த வசதி அறவே இல்லை.

கச்சேரியில் நீளமாகப் போகும் ராகம் தானம் பல்லவி இன்னும் மோசம். உரப்பைக் கணக்கிடும்போது, சராசரியைவிட 10 அலகுக்கு மேல் தாழ்ந்த பகுதிகளை விட்டுவிடுவது அந்த முறையின் விதி. தொடக்கத்தில் தம்புராவோடு மெல்ல எழும் ஆலாபனை பெரும்பாலும் கணக்கிலேயே வராது. தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம்தான் அளவைத் தீர்மானிக்கும். ஆலாபனை கேட்கவில்லையே என்று கையால் கூட்டி வைத்தால், அரை மணி நேரம் கழித்து மிருதங்கமும் கடமும் சேர்ந்து விழும்போது ஓடிப்போய்க் குறைக்க வேண்டும். இதற்கு எந்த அமைப்பிலும் வழி இல்லை. நியாயமாகச் சொன்னால், இதில் செயலியின் தவறு பாதிதான். அந்த ஏற்ற இறக்கம் கச்சேரியின் உயிர், அதை யாரும் தட்டையாக்கக் கூடாது. ஆனால் இந்தப் பாட்டை இந்த அளவில் வை என்று பட்டியலில் ஒரு பாட்டுக்கு மட்டும் திருத்தம் கொடுக்க ஒரு சின்ன பொத்தான் வைத்திருக்கலாம். மூன்று வருடமாக வரவில்லை. பாட்டுக்குப் பக்கத்தில் ‘4:10இல் காந்தாரத்தைக் கவனி’ என்று ஒரு வரி எழுதவும் இடம் இல்லை. அதற்குத் தனியாகக் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

கேட்ட நண்பருக்கு: ஐந்து பேரும் முதல் நாளே ‘குறைவு’ அமைப்புக்கு மாற்றச் சம்மதித்தால் தொடங்குங்கள். ஒருவர் மாட்டேன் என்றாலும் தொடங்க வேண்டாம். இருபது நிமிடத்துக்கு மேல் போகும் கச்சேரிப் பதிவுகளை நான் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். அவற்றை இப்போது தனி இணைப்பாக அனுப்புகிறேன், ஆலாபனை எத்தனையாவது நிமிடத்தில் முடிகிறது என்ற குறிப்போடு.