அமெரிக்காவின் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம்: வாங்கலாமா, எவ்வளவு நம்பலாம்?

ஹூஸ்டன் வட்டாரத்தில் வீடு வாங்கிக் குடியேறும் நம்மவர்களில் பலர், வங்கி கேட்ட வீட்டுக் காப்பீட்டை எடுத்துவிட்டதால் வெள்ளத்துக்கும் அதுவே போதும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வழக்கமான வீட்டுக் காப்பீடு, காற்று பெயர்த்த கூரை வழியே இறங்கும் மழைக்குப் பணம் தரும். தெருவில் பெருகி வாசற்படி ஏறி வரும் நீருக்குத் தராது. கால்வெஸ்டன் போன்ற கடலோர மாவட்டங்களில் காற்றுச் சேதத்துக்குக்கூடத் தனி பாலிசி வேண்டியிருப்பதால், ஒரே சூறாவளிக்கு மூன்று பாலிசி வைத்திருப்பவர்களும் உண்டு. வெள்ளத்துக்கு இங்கே பெரும்பாலோர் நாடுவது, 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தொடங்கி இன்று ஃபீமா என்ற கூட்டரசுப் பேரிடர் முகமை நடத்திவரும் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தைத்தான். சில ஆண்டுகளாகப் பிரீமியம் கட்டிவருபவன் என்ற முறையிலும், நெருங்கிய உறவினர் ஒருவருடைய கிளைமுக்குக் கூடவே இருந்து உதவியவன் என்ற முறையிலும் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

இதை விற்பதும் கிளைமைக் கவனிப்பதும் பெரும்பாலும் தனியார் நிறுவனங்கள். இழப்பைச் சுமப்பது அரசு. ஆகவே, ஒரே வீட்டுக்கு ஒரே அளவு காப்பீட்டை எந்த நிறுவனத்திடம் கேட்டாலும் பிரீமியம் ஒன்றுதான். விலை விசாரித்துப் பத்து இடங்களுக்கு ஃபோன் செய்வது வீண் வேலை. புயல் அடித்த மறுநாள் ஃபோனை எடுக்கக்கூடிய ஏஜென்ட் யார் என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பதற்கு அந்த நேரத்தைச் செலவிடலாம்.

வாங்க நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது 30 நாள் காத்திருப்புக் காலம். இன்று பணம் கட்டினால் பாதுகாப்பு அடுத்த மாதம்தான் தொடங்கும். வீட்டுக்கடன் முடிவாகும்போதே அந்தக் கடனுக்காக எடுக்கும் பாலிசி போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. தொலைக்காட்சியில் புயலின் பாதையைப் பார்த்துவிட்டு எடுப்பவருக்கு விதிவிலக்கு இல்லை. ஹார்வி 2017 ஆகஸ்ட் 23 அன்று மெக்சிகோ வளைகுடாவில் மீண்டும் உருத்திரண்டு, 25ஆம் தேதி இரவே நான்காம் வகைச் சூறாவளியாக, டெக்சாஸ் கடலோர ஊரான ராக்போர்ட் அருகே கரையைக் கடந்தது. இடையில் கிடைத்தது இரண்டே நாள். அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 தொடங்கி நவம்பர் 30 வரை நீள்வதால், ஏப்ரல் முடிவதற்குள் பணம் கட்டிவிடுவது நல்லது.

'உங்கள் வீடு எக்ஸ் மண்டலத்தில் இருக்கிறது, கட்டாயமில்லை' என்று வீட்டுத்தரகரோ வங்கி ஊழியரோ சொல்வதில் பொய் இல்லை; வெள்ள வரைபடத்தில் அபாயம் குறைவு என்று குறிக்கப்பட்ட பகுதி அது. ஆனால் வங்கி கட்டாயப்படுத்தாது என்பதற்கும் வெள்ளம் வராது என்பதற்கும் சம்பந்தமே இல்லை. ஹார்வியின்போது ஹூஸ்டன் அடங்கிய ஹாரிஸ் மாவட்டத்தில் மட்டும் சுமார் 1,54,000 வீடுகளுக்குள் நீர் புகுந்தது. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, 'நூறாண்டு வெள்ளப் பகுதி' என்று வரைபடத்தில் குறிக்கப்பட்ட எல்லைக்கு வெளியே இருந்தவை. அந்தப் பெயரே ஆளை ஏமாற்றுகிறது. ஆண்டுதோறும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதே அதன் கணக்கு. 30 ஆண்டு வீட்டுக்கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது வெள்ளம் வர 26 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. புயலின் வகை எண்ணைப் பார்த்து ஆறுதல் அடைவதும் அப்படித்தான். அந்த எண் காற்றின் வேகத்தை மட்டுமே அளக்கிறது. மழையையும் கடல் ஏற்றத்தையும் அது கணக்கில் எடுப்பதில்லை. 2001இல் ஹூஸ்டனை மூழ்கடித்த ஆலிசன் ஒரு நாளும் சூறாவளி நிலையையே எட்டவில்லை.

2021 அக்டோபர் முதல் புது பாலிசிகளுக்கான பிரீமியம் மண்டல எழுத்தை வைத்துக் கணக்கிடப்படுவதில்லை. நீர்நிலை எவ்வளவு தூரம், வீட்டுத்தளம் எவ்வளவு உயரம், இடிந்தால் திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும் என்று வீட்டுக்கு வீடு பார்த்துத் தீர்மானிக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கட்டும் தொகையைக் கேட்டு நம்முடையதை ஊகிக்க முடியாது என்பது இதில் ஒரு சங்கடம்; ஆனாலும் இந்தக் கணக்கு முந்தையதைவிட நியாயமானது என்றே நினைக்கிறேன்.

இனி, கிடைப்பது என்ன என்பதைப் பார்ப்போம். குடியிருப்புக் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், உள்ளிருக்கும் பொருள்களுக்கு 1,00,000 டாலர். இவை தனித்தனியாக வாங்க வேண்டியவை. கட்டடத்துக்கு மட்டும் எடுத்துவிட்டுப் பொருள்களுக்கும் சேர்த்து எடுத்ததாக நினைத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். நாமே ஏற்க வேண்டிய டிடக்டிபிள் தொகையும் இரண்டுக்கும் தனித்தனியாகக் கழிக்கப்படும். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்குப் போதிய அளவு காப்பீடு எடுத்திருந்தால், கட்டடத்தைப் புதிதாகச் சரிசெய்ய ஆகும் செலவைத் தருவார்கள். பொருள்களுக்கு அப்படியில்லை, தேய்மானம் போக மிச்சமுள்ள மதிப்புதான். பத்து வருடம் உட்கார்ந்த சோபாவுக்கு அவர்கள் தரும் தொகையில் புதுச் சோபாவின் ஒரு கைப்பிடியைத்தான் வாங்கலாம்.

நம் வீடுகளுக்கு இன்னும் உறுத்தக்கூடிய விதி நகையைப் பற்றியது. நகை, ஓவியம் போன்ற விலையுயர்ந்த பொருள்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 2,500 டாலர்தான் உச்சவரம்பு. ரொக்கத்துக்கு ஒன்றும் கிடையாது. பாட்டி சீதனமாகக் கொண்டுவந்த தேக்குப் பெட்டிக்கு, துணி வைக்கும் ஒரு பெட்டி என்ற பயன்பாட்டு மதிப்பை மட்டுமே தருவார்கள். கார், வேலி, தோட்டம், நீச்சல் குளம் எதுவும் சேராது. எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை, வீடு பழுதுபார்க்கப்படும் மாதங்களில் வெளியே தங்கும் வாடகைக்கு இந்தத் திட்டம் ஒரு டாலரும் தருவதில்லை என்பது. வீட்டுக்கடன் தவணையையும் அடுக்குமாடி வாடகையையும் ஒரே சம்பளத்தில் கட்ட வேண்டிவரும் குடும்பத்துக்கு அதுதான் முதுகை முறிக்கும் செலவு.

கிளைம் எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். உறவினர் வீட்டுக்குச் சேதத்தை மதிப்பிட வந்த அட்ஜஸ்டர், முதலில் வெளிச் செங்கல் சுவரில் படிந்திருந்த சேற்றுக் கோட்டை அளவுநாடாவால் அளந்து படமெடுத்தார். பிறகு அறை அறையாக உள்ளே அதே கோட்டைத் தேடினார். இரண்டு ஊசிகள் நீட்டிய ஈரமானியைச் சுவரில் குத்திக்கொண்டே மேலே போனபோது, நீர் நின்ற மட்டத்துக்கு வெகு மேலே வரை, டிரைவால் என்ற ஜிப்சம் சுவர்ப்பலகை ஈரத்தை உறிஞ்சியிருந்தது தெரிந்தது. கண்ணுக்கு அந்தப் பகுதி காய்ந்த சுவராகத்தான் தோன்றியது. குளிர்சாதனப் பெட்டி, துவைக்கும் இயந்திரம், வெந்நீர்க் கொதிகலன் ஒவ்வொன்றின் மாடல் எண்ணும் வரிசை எண்ணும் பதிந்த தகட்டை அவர் படமெடுத்தார். வெளியே தூக்கிப்போட்ட கார்பெட்டில் ஒரு துண்டை உறவினர் வெட்டி வைத்திருந்தது அவருக்குப் பெரிதும் உதவியது, ஏனென்றால் தரத்தைக் காட்ட மாதிரி இல்லாவிட்டால் மலிவான சரக்கின் விலைதான் கணக்கில் ஏறும். அப்படியே சமையலறை அலமாரிகள் விஷயத்தில் நடந்தது. கிளைமைக் கையாண்ட நிறுவனத்தின் முதல் மதிப்பீட்டில் அவை மட்டரகப் பலகையாக எழுதப்பட்டிருந்தன. பழைய ரசீதையும், ஒரு பிறந்தநாளன்று எடுத்த படத்தில் பின்னணியில் தெரிந்த அலமாரியையும் அனுப்பிய பிறகே தொகை திருத்தப்பட்டது. முதல் மதிப்பீட்டோடு கதை முடிந்துவிடுவதில்லை, விடுபட்டதைக் கேட்டு வாங்க வழி இருக்கிறது என்பதை யாரும் நமக்காக எடுத்துச் சொல்வதில்லை.

கையொப்பமிட்டு உறுதிமொழி அளிக்க வேண்டிய இழப்புச் சான்று ஆவணத்துக்கு, சேதம் நேர்ந்த நாளிலிருந்து 60 நாள் கெடு. ஹார்வி போன்ற பெரும் பேரிடர்களில் ஃபீமா இதை ஓராண்டாக நீட்டியது உண்டு. நீட்டுவார்கள் என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது. கைச்செலவுக்குத் திண்டாடுபவர் முன்பணம் கேட்கலாம்: அட்ஜஸ்டர் வருவதற்கு முன்பே 5,000 டாலர் வரையிலும், படங்களும் ரசீதுகளும் காட்டினால் 20,000 டாலர் வரையிலும் கிடைக்க வழி இருக்கிறது. இந்த ஏற்பாட்டுக்காகத் திட்டத்தைத் தாராளமாகப் பாராட்டுவேன்.

புயலுக்கு முந்தைய ஏற்பாடுகளுக்கும் பாலிசி பணம் தருகிறது என்பது பலருக்குத் தெரியாது. வெள்ள அபாயம் நெருங்கும்போது மணல்மூட்டை, பம்ப், தற்காலிகத் தடுப்பு ஆகியவற்றுக்கு 1,000 டாலர் வரையிலும், பொருள்களைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்ற இன்னொரு 1,000 டாலர் வரையிலும் கேட்கலாம். கடை ரசீதை மட்டும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அதே சமயம் நம் பங்குக் கடமையும் உண்டு. நீர் வடிந்து வீட்டுக்குள் நுழைய முடிந்த பிறகும் ஈரத்தைப் போக்காமல் விட்டு, அதனால் பூஞ்சை பிடித்தால் அந்தச் சேதத்துக்குப் பணம் மறுக்கப்படலாம். அட்ஜஸ்டர் வரட்டும் என்று ஈரச் சுவரைத் தொடாமல் காத்திருப்பது தவறு. படமெடுத்துவிட்டு உடனே அறுத்தெடுக்கலாம். அந்தப் படங்களோடு ஒப்பிடுவதற்காக, பருவம் தொடங்குமுன் அலமாரிக் கதவுகளைத் திறந்து வைத்து வீடு முழுவதையும் காணொளியாக எடுத்து, வீட்டுக்கு வெளியே இணையச் சேமிப்பில் போட்டு வைப்பது அரைமணி நேர வேலை.

குறைகளையும் சொல்ல வேண்டும். 2,50,000 டாலர் என்ற உச்சவரம்பு 1994இல் வகுக்கப்பட்டது. இன்றைய கட்டுமானச் செலவுக்குப் பல வீடுகளுக்கு அது எட்டாது. பெரும்பாலான சொந்தக் குடியிருப்புகளுக்குப் பிரீமியம் ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் ஏறக் கூடாது என்ற வரம்பு இருக்கிறது, ஆனால் உரிய கட்டணத்தை எட்டும்வரை ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகலாம். திட்டமே நாடாளுமன்றத்தின் குறுகிய கால நீட்டிப்புகளில் ஓடிக்கொண்டிருக்கிறது; 2025 அக்டோபரில் அரசு முடங்கியபோது அனுமதி காலாவதியாகி, புது பாலிசி விற்பனை நின்றுபோனது. வீடு பதிவுசெய்ய நாள் குறித்திருந்தவர்களுக்கு அது பெரிய தலைவலி. தனியார் வெள்ளக் காப்பீட்டில் உச்சவரம்பு அதிகம், வெளியே தங்கும் செலவும் சில பாலிசிகளில் சேரும், காத்திருப்புக் காலமும் குறைவாக இருக்கக்கூடும். ஆனால் ஒருமுறை வெள்ளம் வந்த பிறகு அவர்கள் புதுப்பிக்க மறுத்தால் நாம் ஒன்றும் செய்ய முடியாது. அரசுத் திட்டம் அப்படிக் கைவிடாது என்பதற்காகவே நான் இதில் நீடிக்கிறேன். வீட்டுக்குள் ஓரங்குலம் நீர் நின்றாலே 25,000 டாலர் வரை சேதமாகலாம் என்பது ஃபீமாவின் கணக்கு. பாலிசி இல்லாதவர் நம்பக்கூடிய அரசு உதவியோ, பேரிடர் அறிவிக்கப்பட்டால் மட்டும் கிடைக்கும் சிறு தொகை, அல்லது வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டிய கடன்.

வாடகைக்கு இருப்பவர்கள் பொருள்களுக்கு மட்டுமான பாலிசியை எடுக்கலாம். தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு அதைக் கட்டாயம் பரிந்துரைப்பேன், மூன்றாம் மாடிக்காரர்களுக்கு வற்புறுத்த மாட்டேன். பழைய வீட்டை விலைபேசிக்கொண்டிருப்பவர்கள், விற்பவரிடம் நடப்பில் உள்ள பாலிசி இருக்கிறதா என்று கையெழுத்திடுமுன் கேட்டுவிடுங்கள். அதை வாங்குபவர் பெயருக்கு மாற்றிக்கொள்ள முடியும்; 30 நாள் காத்திருக்கவும் வேண்டாம், அவர் சலுகைக் கட்டணம் கட்டிவந்திருந்தால் அந்தச் சலுகையும் உங்களுக்குத் தொடரும்.