நெல்லையில் ஐ.பி.டி. உள்ள இளையோருக்கான மனநல ஆலோசனை: ஒரு மதிப்பீடு

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுப் பகுதியில் வயிறு, குடல் நோய்களுக்கென்று இயங்கும் தனியார் மருத்துவமனை ஒன்றில், குடல் அழற்சி நோயுள்ள பதின்வயதினருக்கும் இளைஞர்களுக்கும் தனியாக மனநல ஆலோசனைப் பிரிவு நடத்துகிறார்கள். கல்லூரியில் படிக்கும் என் தம்பியுடன் வீரவநல்லூரிலிருந்து ஓராண்டுக்கும் மேலாக அங்கே சென்று வருகிறேன். அங்கே போனால் பலன் உண்டா, கட்டணம் கட்டுப்படியாகுமா என்று இதே நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோர் கேட்பதால், பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரைக் குறிப்பிடவில்லை. அந்தப் பிரிவுக்கு வருகிறவர்கள் சிலரே, பெயர் தெரிந்தால் ஆளும் தெரிந்துவிடும் என்று தம்பி சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது.

ஐ.பி.டி. என்று மருத்துவர்கள் சுருக்கிச் சொல்லும் இந்நோயில் முக்கியமாக இரண்டு வகைகள் உண்டு. பெருங்குடலின் உட்சுவரில் புண் உண்டாக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் ஒன்று. வாய் முதல் ஆசனவாய் வரை எந்த இடத்தையும் தாக்கக்கூடிய கிரோன் நோய் மற்றொன்று. தம்பிக்கு இருப்பது முதல் வகை. பெரும்பாலும் 15 முதல் 30 வயதுக்குள் தலைகாட்டும் இந்நோய், மருந்துக்கு அடங்கியிருந்துவிட்டு மீண்டும் கிளம்பும் இயல்புடையது. ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு என்றால் நம் பக்கத்தில் முதலில் மூலச்சூடு என்பார்கள், கற்றாழையும் மோரும் கொடுப்பார்கள். பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி வரை போய்ச் சேர்வதற்குள் பையன் பாதியாக இளைத்திருப்பான். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஐ.பி.டி. உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறிகளும் மூன்றில் ஒருவருக்குப் பதற்றத்தின் அறிகுறிகளும் இருப்பது தெரியவந்திருக்கிறது. நோய் கிளம்பியிருக்கும் காலத்தில் இந்த விகிதம் இன்னும் கூடுகிறது. ஆகவே குடல் மருத்துவமனைக்குள் மனநல ஆலோசகர் ஒருவர் உட்கார்ந்திருப்பது அவசியத்தின் பாற்பட்டது.

இந்தப் பிரிவை நான் உயர்வாகச் சொல்வதற்கு முதற்காரணம், அங்கே பேச்சு தொடங்கும் இடம். ஆலோசகர் தம்பியிடம் முதலில் கேட்டது மனதைப் பற்றியே அல்ல, "காலைல சாப்பிட்டுட்டு வந்தீங்களா தம்பி?" என்றுதான் கேட்டார். "இல்ல சார், பஸ்ல வரணும்லா" என்றான் இவன். அந்த ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டு அவர் மெல்ல மெல்ல விசாரித்தபோதுதான், கல்லூரி நாள்களில் வழியில் வயிறு கலக்கிவிடுமோ என்ற பயத்தில் காலையிலும் மதியமும் அவன் எதுவுமே உண்பதில்லை என்பதும், அம்மா கட்டிக் கொடுக்கும் தயிர்ச்சாதம் நண்பர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது என்பதும் வெளிவந்தன. எடை குறைவதைப் பார்த்து நோய் அடங்கவில்லை என்று கருதி மருந்தைக் கூட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த மருத்துவரிடம், அன்றே கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போய் ஆலோசகர் இதைச் சொன்னார். குடலில் அழற்சி இருந்தால் கூடும் கால்புரோடெக்டின் என்ற புரதத்தின் அளவை மலத்தில் பரிசோதித்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார் மருத்துவர். அளவு குறைவாகவே இருந்தது, மருந்து கூட்டப்படவில்லை. இருவரும் வேறு வேறு கட்டடத்தில் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்பது சந்தேகமே.

அதன் பிறகு அவர் ஒரு தாளைக் கொடுத்து, வீட்டிலிருந்து கல்லூரி வரையிலான வழியை வரையச் சொன்னார். சேரன்மகாதேவி, பேட்டை, ஜங்ஷன் என்று ஒவ்வோர் இடத்திலும் எங்கே கழிப்பறை இருக்கிறது என்று குறிக்கச் சொன்னார். பெட்ரோல் பங்க் கழிப்பறையை எரிபொருள் போடாதவரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம் என்பது தம்பிக்கு அப்போதுதான் தெரிந்தது. முதலில் கழிப்பறை வசதியுள்ள செங்கோட்டைப் பாசஞ்சரில் இட்லி சாப்பிட்டுவிட்டு வருவது, பிறகு பேருந்தில் சேரன்மகாதேவி வரை மட்டும் வந்து திரும்புவது, அடுத்துப் பேட்டை வரை, கடைசியில் ஜங்ஷன் வரை என்று பயத்தைப் படிப்படியாகக் குறைக்கும் பயிற்சி அது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று நூல்களில் எழுதப்படுவதை 1பி பேருந்தில் ஏறி இறங்கிச் செய்வதாக நான் தம்பியைக் கேலி செய்வதுண்டு. எண் என் கற்பனை, பயிற்சி உண்மை.

கேள்வித்தாள் விஷயத்திலும் அவர்கள் கவனமாக இருக்கிறார்கள். மனச்சோர்வை அளக்கப் பல இடங்களிலும் பயன்படுத்தும் பி.எச்.கியூ-9 என்ற தாளில், கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள் இருக்கும். தூக்கம், களைப்பு, பசி ஆகிய மூன்றும் அவற்றுள் அடக்கம். இரவில் பலமுறை எழுந்து கழிப்பறைக்குப் போகிறவனுக்குத் தூக்கம் கெடத்தான் செய்யும். ரத்தம் போய்ப் போய் ஹீமோகுளோபின் குறைந்தவனுக்குக் களைப்பு வரத்தான் செய்யும். மதிப்பெண்ணை மட்டும் கூட்டிப் பார்த்தால் குடல் நோயாளிகளில் பலரை மனச்சோர்வுக்காரர் என்று எழுதிவிடலாம். இங்கே அப்படிச் செய்யாமல், இரும்புச்சத்து அளவைப் பார்க்கச் சொல்லி மருத்துவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, மகிழ்ச்சியின்மை, தன்மேல் வெறுப்பு, உயிரோடு இருப்பதைப் பற்றிய எண்ணம் ஆகியவற்றைக் குறித்த கேள்விகளைத் தாளில் நிரப்பச் சொல்லாமல் நேரில் பேசியே கேட்டறிந்தார்கள்.

ஸ்டீராய்டு மாத்திரையைப் பற்றியும் முன்கூட்டியே எச்சரித்தார்கள். பிரெட்னிசலோன் என்ற அந்த மாத்திரையை எடுக்கும் காலத்தில் தூக்கம் வராமல் போகலாம், எரிச்சலும் திடீர் அழுகையும் வரலாம், இவை மாத்திரையின் விளைவாக இருக்கக்கூடும், ஆனால் அதற்காக நாமாகத் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது, மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்று விளக்கினார்கள். முகம் உப்பிப் போனதும் இந்த மாத்திரையால்தான். அந்த முகத்தோடு ஒரு கல்யாண வீட்டுக்குப் போனபோது, "பையன் நல்லா தேறிட்டானே, கன்னத்தப் பாருங்க" என்று உறவினர் எல்லோரும் பாராட்டினார்கள். கண்ணாடியைப் பார்ப்பதையே நிறுத்தியிருந்த அவனுக்கு அந்தப் பாராட்டுகள் எப்படி இருந்திருக்கும் என்பதை அடுத்த சந்திப்பில் ஆலோசகரிடம்தான் சொன்னான், எங்களிடம் சொல்லவில்லை.

வீட்டாரைத் தனியே அழைத்துப் பேசும் அமர்வு ஒன்றும் உண்டு. எங்கள் அம்மா, அவன் கழிப்பறையை விட்டு வெளியே வந்ததும் கதவருகே நின்று, "எய்யா, ரத்தம் வந்துச்சா?" என்று கேட்பார்கள். அன்பினால் கேட்பதுதான், ஆனாலும் இருபது வயதுப் பையன் ஒவ்வொரு முறையும் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ரத்தம் வந்தால் தானே சொல்லிவிடுவது அவன் பொறுப்பு, கேட்காமல் இருப்பது அம்மாவின் பொறுப்பு என்று இருவரையும் ஒப்புக்கொள்ள வைத்தார் ஆலோசகர். காரக்குழம்பு ஊற்றியதால்தான் வந்தது, திட்டியதால்தான் வந்தது என்று அம்மா தன்னையே நொந்துகொண்டிருந்ததற்கும் நேரடியாகப் பதில் சொன்னார்: நோய் எதிர்ப்பாற்றல் தன் குடலையே தாக்குவதால் வரும் நோய் இது, சமையலோ திட்டோ இதை உண்டாக்குவதில்லை, மன அழுத்தம் நோயைக் கிளப்பிவிடுவதில் பங்கு வகிக்கலாம், அதற்காக "டென்ஷன் ஆகாதே" என்று நாள் முழுதும் சொல்வதே பெரிய டென்ஷன். அம்மா அன்றைக்குச் சிரித்தார்கள்.

இனிக் குறைகள். குடல் மருத்துவமனை ஒன்றை மதிப்பிட வேண்டுமானால் அதன் கழிப்பறையைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. இங்கே காத்திருக்கும் கூடம் முழுமைக்கும் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என இரண்டே கழிப்பறைகள். அவையும் நாற்காலி வரிசைக்கு நேர் எதிரே இருப்பதால் உள்ளே போகிறவர் எத்தனை நிமிடம் இருந்தார் என்பதைக் கூடமே அறியும். அவசரம் என்றால் வரிசையில் முந்திக்கொள்ள அனுமதிக்கும் ஓர் அட்டையைக்கூட இவர்கள் வழங்கவில்லை. வரவேற்பில் இருப்பவர் "கவுன்சிலிங் பேஷண்ட் யாரு?" என்று உரக்கக் கூப்பிடுகிறார்; ஊர்க்காரர் ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்ததால் தம்பி எழுந்திருக்காமலேயே திரும்பி வந்த நாளும் உண்டு. பெயரைச் சொல்லி அழைத்தால் போதும் என்று எழுதிக் கொடுத்தோம், இதுவரை மாறவில்லை.

ஆலோசகர் வாரத்தில் இரண்டு பிற்பகல்கள் மட்டுமே வருகிறார், அவரும் ஆண். பெண்பிள்ளைகளுக்கு இது போதவே போதாது. பவுத்திரத்தோடு வரும் கிரோன் நோய்ப் பெண் ஒருத்தி, மாதவிடாயையும் திருமணப் பேச்சையும் நோயை மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்வதா மறைப்பதா என்ற குழப்பத்தையும் தயங்காமல் பேச, பெண் ஆலோசகர் ஒருவர் கட்டாயம் வேண்டும். மாதந்தோறும் நடத்தும் குழுச் சந்திப்பும் எண்ணத்தில் நல்லது, நடத்தையில் சுமார்; நடுத்தர வயதுக்காரர் ஒருவர் தம் அறுவைச் சிகிச்சையை அங்குலம் அங்குலமாக விவரித்ததைக் கேட்டுப் பள்ளி மாணவன் ஒருவன் வெளிறிப்போனான். வயதுவாரியாகப் பிரிப்பது அப்படியொன்றும் கடினமான காரியம் அல்ல.

பணத்தைப் பற்றிய மௌனம் இன்னொன்று. ஆலோசனைக் கட்டணம் ஒரு முறைக்கு 500 ரூபாய், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இன்ஃபிளிக்சிமாப் போன்ற விலை கூடிய ஊசிகள் தேவைப்படும் குடும்பங்களில், தன்னால் வீடு கடன்படுகிறது என்ற குற்றவுணர்வுதான் பிள்ளைகளை உள்ளுக்குள் அரிக்கிறது. அக்காவின் சம்பளத்தில் மருந்து வாங்குகிறேன் என்று என் தம்பியே ஒருநாள் சொன்னான். இதைப் பேசுவதற்கும் காப்பீடு, உதவித் திட்டங்கள் பற்றி வழிகாட்டுவதற்கும் அங்கே ஆள் இல்லை.

கட்டணம் முடியாதவர்கள் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லலாம். அதுவும் ஹைகிரவுண்டில்தான் இருக்கிறது. அங்கே போகும்போது குடல் மருத்துவரின் சீட்டையும் எடுக்கும் மருந்துகளின் பட்டியலையும் கையோடு கொண்டுபோவது நல்லது. இரவு நேரத்தில் மனம் தாங்காமல் போனால், 2022 முதல் இயங்கும் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். சாக வேண்டும் போலிருக்கிறது என்று பிள்ளை ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அடுத்த ஆலோசனை நாள் வரட்டும் என்று காத்திராமல் அன்றே அந்த எண்ணை அழையுங்கள், அல்லது அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மொத்தத்தில் 5க்கு மூன்றரை தருவேன். மூன்றரையும் அந்த ஆலோசகருக்கும் மருத்துவருக்கும் இடையே நடக்கும் பேச்சுக்கு, கழித்த ஒன்றரை காத்திருப்புக் கூடத்துக்கு. போக நினைப்பவர்கள் முதல் நாளே தொலைபேசியில் பேசி, பிற்பகலின் முதல் நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கூடம் அப்போது பாதிக்கு மேல் காலியாக இருக்கும். அம்பாசமுத்திரம், தென்காசிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ரயிலில் வாருங்கள். பிள்ளை சம்மதித்தால் ஆலோசகரின் அறைக்குள் அவனைத் தனியாக விட்டுவிட்டு வெளியே உட்காருங்கள்.