டீசலைச் சூடாக்கும் டப்பா: லாரிக்காரர்கள் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

நாமக்கல், சங்ககிரி பக்கம் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கி ஒரு டப்பா விற்கிறார்கள். உள்ளே செம்புக் குழாய்ச் சுருள். ரேடியேட்டர் சுடுதண்ணீர் டப்பாவுக்குள் ஓடும், டீசல் சுருளுக்குள் ஓடிச் சூடாகி, என்ஜினுக்கு டீசலை அளந்து கொடுக்கும் பம்புக்குப் போகும். "அண்ணா, சூடான டீசல் முழுசா எரியும். மைலேஜ் ஏறலைன்னா பணம் வாபஸ்" என்று சொல்லி என்னிடம் 18,000 ரூபாய் வாங்கினார்கள். பில் இல்லை, வெறும் துண்டுச் சீட்டு. இப்போது போனை எடுப்பதே இல்லை.

மோசடியே அவர்கள் செய்துகாட்டும் சோதனையில்தான் இருக்கிறது. டேங்கை நிரப்பி, ஓட்டிவிட்டு, மறுபடி நிரப்பிக் கணக்குப் போடுவார்கள். டீசல் ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் சுமார் 0.08 சதவீதம் விரியும். பம்பில் மிஞ்சும் சூடான டீசல் ரிட்டர்ன் லைனில் டேங்குக்கே திரும்புகிறது. 300 லிட்டர் டேங்கில் 100 லிட்டர் எரிந்து, மீதி 200 லிட்டர் 25 டிகிரி சூடேறியிருந்தால் அது 4 லிட்டர் கூடுதலாக விரிந்து நிற்கும். பங்கில் 96 லிட்டரிலேயே டேங்க் நிரம்பிவிடும். எரிந்தது என்னவோ 100தான்! போதாததற்குக் காலி வண்டி, ஓட்டியது அவர்கள் ஆள், அதுவும் மெதுவாக.

ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு தொப்பூர் ஏற்றத்தில் போனபோதுதான் வண்டி இழுக்காமல் திணறியது. என் வண்டியில் இருப்பது பழைய மாதிரிப் பம்பு. அது டீசலை எடையில் அளப்பதில்லை, கொள்ளளவில்தான் அளக்கிறது. விரிந்த டீசலில் அதே அளவுக்கு எடை குறைவு, அதனால் இழுவையும் குறைவு. பம்பு மெக்கானிக் இன்னொன்றும் சொன்னார்: பம்புக்குள் டீசலைத் தள்ளும் தண்டான பிளஞ்சருக்கு டீசல்தான் உராய்வைத் தடுக்கும் எண்ணெய். அது சூட்டில் நீர்த்துப்போனால் தேய்மானம் கூடும், உள்கசிவும் கூடும்.

சூடாக்கினால் லாபமே இல்லையா என்று கேட்பவர்களுக்கு: ஒரு கிலோ டீசலில் சுமார் 43,000 கிலோஜூல் ஆற்றல் இருக்கிறது. 40 டிகிரி சூடேற்றினால் சேர்வது ஏறக்குறைய 80 கிலோஜூல், அதாவது ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. சிலிண்டருக்குள் அமுங்கிய காற்றே 500 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. தூறலாக விழும் டீசலுக்கு அந்தச் சூடு தாராளம். "கப்பல்ல எண்ணெயைச் சூடாக்குறாங்களே" என்பார்கள். உண்மைதான். அது தார் மாதிரிக் கெட்டியான ஃபர்னஸ் ஆயில், சூடாக்காமல் குழாயிலேயே ஓடாது. லடாக் குளிரில் டீசல் மெழுகாக உறைவதும் உண்மை. நம்மூர் வெயிலில் அதற்கு என்ன வேலை?

எனக்கு வயிறு எரிவது பணத்துக்காக மட்டும் இல்லை. டப்பாவின் ஹோஸ் ஜாயின்ட் விட்டு, சூடான டீசல் சைலன்சர் பைப்புக்குப் பக்கத்திலேயே சொட்டிக்கொண்டிருந்தது. இந்தியத் தர அளவுப்படி டீசலின் தீப்பற்று வெப்பநிலை, அதாவது பொறி பட்டால் அதன் ஆவி பற்றிக்கொள்ளும் சூடு, குறைந்தது 35 டிகிரி இருந்தாலே போதும். கேபினில் டிரைவர் தூங்கும் நேரத்தில் பற்றியிருந்தால் யார் பதில் சொல்வது?

ஏற்கெனவே மாட்டியிருந்தால் இன்றைக்கே கழற்றி, பழைய லைனை நேராக்கி, பம்பைச் சோதித்துவிடுங்கள். சீட்டு, பணம் அனுப்பிய ரசீது, டப்பா எதையும் தூக்கி எறிய வேண்டாம். பிழைப்புக்காகச் சொந்த வண்டி ஓட்டுபவரும் சட்டப்படி நுகர்வோர்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு வருட அவகாசம் உண்டு. நான் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். இதே ஆட்களிடம் வாங்கியவர்கள் சீட்டோடு வந்தால் சேர்ந்தே கொடுக்கலாம்.