மருத்துவக் கருவித் துறை: வரியா, ஊக்கத்தொகையா, சோதனை வசதியா?

சிரிஞ்சும் கையுறையும் இந்தியாவிலேயே ஏராளமாக உற்பத்தியாகின்றன, எம்.ஆர்.ஐ., சி.டி. போன்ற உயர்நிலைக் கருவிகளில் பெரும்பாலானவை இன்னும் வெளிநாடுகளிலிருந்தே வருகின்றன. இந்நிலையை மாற்றும் நோக்குடன் 2023 ஏப்ரலில் ஒன்றிய அமைச்சரவை தேசிய மருத்துவக் கருவிகள் கொள்கைக்கு ஒப்புதல் அளித்தது. ஆனால் இறக்குமதி வரி, உற்பத்தி ஊக்கத்தொகை, சோதனை வசதி ஆகிய மூன்றில் எதற்கு முதலில் பணமும் கவனமும் தருவது என்பதே உண்மையான கேள்வி.

வரியை உயர்த்துவது எளிது. 2020 நிதிநிலை அறிக்கையில் இறக்குமதிக் கருவிகள் பலவற்றின் மீது 5 விழுக்காடு சுகாதார செஸ் (குறிப்பிட்ட நோக்கத்துக்கான கூடுதல் வரி) விதிக்கப்பட்டது. ஆனால் உள்நாட்டில் மாற்றுக் கருவி இல்லாதபோது அந்தச் சுமை மருத்துவமனை வழியாக நோயாளியின் பில்லுக்கே வந்து சேர்கிறது. எக்ஸ்ரே குழாய் போன்ற உதிரிபாகங்களை இறக்குமதி செய்து இங்கே கருவியாக்குபவருக்கோ, முழுக்கருவியின் மீதான வரியைவிட உதிரிபாகத்தின் மீதான வரியே முக்கியம். ஆகவே வரியை ஒரு துணை வழியாக மட்டுமே கருதலாம்.

2020இல் 3,420 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் அறிவிக்கப்பட்ட உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டம் இதைவிட வலுவானது. புற்றுநோய்க் கதிரியக்கச் சிகிச்சை, படமெடுப்பு, மயக்கவியல், உடலுக்குள் பொருத்தும் கருவிகள் எனச் சரியான இலக்குகளையே அது தேர்ந்தெடுத்தது. கூடுதல் விற்பனையில் 5 விழுக்காட்டை ஊக்கத்தொகையாக அளிக்கிறது. எனினும் விற்ற பிறகே இப்பணம் கைக்கு வரும் என்பதால், ஆலையும் சந்தையும் ஏற்கெனவே உள்ள நிறுவனங்களுக்கே அது பெரிதும் பயன்படும். ஆய்வகத்தில் முன்மாதிரியை வைத்துக்கொண்டு காத்திருக்கும் இளம் பொறியாளருக்கு அதனால் உடனடிப் பயன் இல்லை.

அந்தப் பொறியாளர் தடுமாறும் இடம் எது என்பதைத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் செயற்கை இதய வால்வு நன்கு காட்டுகிறது. மருத்துவர் எம். எஸ். வலியத்தான் தலைமையில் உருவான அந்த வால்வில் முதல் மூன்று மாதிரிகள் தோற்றன; நான்காவது மாதிரியே ஆடுகளில் சோதிக்கப்பட்டு, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அந்தத் தோல்விகளையெல்லாம் பொறுத்துக்கொண்டு பத்தாண்டுகளுக்கு மேல் செலவழிக்க ஓர் அரசு நிறுவனம் இருந்தது. தனித்து இயங்கும் சிறு நிறுவனத்துக்கு அத்தகைய தாங்குதளம் கிடையாது. இன்று, 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகளின்படி, ஆபத்து மிகுந்த வகுப்பைச் சேர்ந்த புதிய கருவிகளுக்கு மருத்துவ ஆய்வுச் சான்று, அதாவது மனிதர்களிடம் சோதித்துப் பெற்ற சான்று, வேண்டும். நோயாளியின் பாதுகாப்புக்கு இந்த நிபந்தனை அவசியம். அதைத் தளர்த்தக் கூடாது. அதற்கான செலவைத்தான் அரசு பகிர்ந்துகொள்ள வேண்டும். சில டெண்டர்கள் அமெரிக்காவின் உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஒப்புதலையே கேட்பதால் தங்களுக்குக் கதவு அடைபடுகிறது என்பது உள்நாட்டு உற்பத்தியாளர்களின் நெடுநாள் குறை. எவரும் மறுக்க முடியாத இந்தியச் சான்று இருந்தால் மட்டுமே அந்தக் குறைக்கு விடை கிடைக்கும்.

ஆகவே என் வரிசையில் சோதனை வசதியும் மருத்துவ ஆய்வு உதவியும் முதலில், ஊக்கத்தொகை அடுத்து, வரி கடைசியில். 2024 நவம்பரில் தொடங்கப்பட்ட 500 கோடி ரூபாய்த் திட்டம் பொது ஆய்வு வசதிகளுக்கும் மருத்துவ ஆய்வுகளுக்கும் இடமளித்திருப்பது நல்ல திருப்பம். ஆனால் மருத்துவ ஆய்வுகளுக்கு அதில் கிடைத்த பங்கு 100 கோடி மட்டுமே. ஒதுக்கீட்டை உயர்த்த வேண்டிய முதல் இடம் அதுதான்.