கேபிளை மாற்றுவதா, டிரைவரை நீக்குவதா?

யூஎஸ்பி வழியாக இணைத்த ஹார்ட் டிஸ்க்கைக் கணினி அடையாளம் காணாதபோது, கேபிளையும் அதைச் செருகும் போர்ட்டையும் மாற்றிப் பார்க்கலாம். அல்லது சாதனங்களைப் பட்டியலிடும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் டிரைவரை, அதாவது சாதனத்தை இயக்கும் மென்பொருளை, நீக்கி மீண்டும் நிறுவச் செய்யலாம். நான் முதல் வழியிலேயே தொடங்கச் சொல்வேன்.

யூஎஸ்பி 2.0 கேபிளுக்குள் மின்சாரத்துக்கு இரண்டு, தரவுக்கு இரண்டு என நான்கு கம்பிகள் உள்ளன. தரவுக் கம்பி அறுந்திருந்தாலும், சார்ஜ் செய்வதற்கு மட்டுமே தயாரிக்கப்பட்ட கேபிளாக இருந்தாலும், டிஸ்க்கின் விளக்கு எரியும்; கணினிக்கோ எதுவும் தெரியாது. அந்த விளக்கை நம்பி ஒரு மாலை முழுவதும் டிரைவரோடு போராடியிருக்கிறேன். மின்சாரம் போதாமலும் போகலாம்: யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர், 3.0 போர்ட் 900 மில்லி ஆம்பியர் வரை தருமாறு வரையறுக்கப்பட்டவை. தனி மின்இணைப்பு இல்லாத ஹப்பில் (ஒரு போர்ட்டைப் பல போர்ட்டுகளாக்கும் கருவி) அந்த மின்சாரத்தைப் பல சாதனங்கள் பங்கிட்டுக்கொள்வதால், டிஸ்க் சுழலத் தொடங்கி, 'டிக்' என்ற ஒலியுடன் நின்றுவிடுவதுண்டு. ஆகவே ஹப்பைத் தவிர்த்து, மேசைக் கணினியின் பின்புறப் போர்ட்டில் நேராகச் செருகிப் பாருங்கள்.

அதே கேபிளும் டிஸ்க்கும் வேறொரு கணினியில் சரியாக இயங்கினால் மட்டுமே இரண்டாவது வழிக்குப் போக வேண்டும். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் எச்சரிக்கைக் குறியுள்ள பெயரை வலது கிளிக் செய்து நீக்கி, கணினியை மறுதொடக்கம் செய்தால், விண்டோஸ் பொதுவாக டிரைவரைத் தானே நிறுவிக்கொள்ளும். ஆனால் யூஎஸ்பி போர்ட்டுகளைக் கட்டுப்படுத்தும் ஹோஸ்ட் கன்ட்ரோலரை நீக்கும்போது கவனம் தேவை. அதனுடன் இணைந்துள்ள விசைப்பலகையும் மவுஸும் அக்கணமே செயலிழந்துவிடும்.