மரத்துக்கா, நிவாரணத்துக்கா? சென்னையின் செலவுக் கணக்கு

சென்னையில் ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் ஒரு கேள்வி வரும். ஜனங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கும்போது மரக்கன்றுக்கு எதற்குச் செலவு? மே மாத வெயிலில் அதுவே திருப்பிப் போடப்படும். நிவாரணம் என்று கொட்டுகிற பணத்தில் மரம் வைத்திருந்தால் நிழலாவது மிஞ்சியிருக்குமே? இரண்டு பேச்சிலும் பணம் ஒரே பெட்டியிலிருந்து வருவதாக நினைத்துக்கொள்கிறோம். அதனால் முதலில் பெட்டிகளைப் பார்த்துவிடுவோம்.

பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இன் 48-வது பிரிவு மாநிலத்துக்கு இரண்டு வகை நிதிகளைச் சொல்கிறது: பேரிடர் வந்தபின் செலவழிக்க நிவாரண நிதி, வருமுன் பாதிப்பைக் குறைக்கத் தணிப்பு நிதி. 2021–26 காலத்துக்கு, மத்திய–மாநில நிதிப் பகிர்வைப் பரிந்துரைக்கும் 15-வது நிதிக்குழு இதை நிவாரணத்துக்கு 80, தணிப்புக்கு 20 என்று பிரித்தது. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை முக்கால் பங்கு மத்திய அரசு, கால் பங்கு மாநில அரசு. 2023–24-இல் நிவாரண நிதிக்கான மத்தியப் பங்கு 900 கோடி ரூபாய். மாநிலப் பங்கையும் சேர்த்தால் 1,200 கோடி. அதே விகிதத்தில் தணிப்பு நிதி 300 கோடி. நிவாரண நிதியை எதற்குச் செலவழிக்கலாம் என்பதற்கு செலவு இனவாரியான விதிமுறைப் பட்டியல் உண்டு. அதிலிருந்து எடுத்துச் சாலையோரம் கன்று நட முடியாது. ஆக, அந்தப் பெட்டியில் போட்டியே இல்லை.

போட்டி இருப்பது மாநிலத்தின், மாநகராட்சியின் சொந்தக் கஜானாவில். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் கொடுக்கப்பட்டது. சுமார் 24 லட்சம் அட்டைகள் என்றால் ஏறக்குறைய 1,450 கோடி. அந்த ஆண்டின் மொத்த நிவாரண நிதியைவிட இது அதிகம். மிக்ஜாமுக்கும் அதே மாதத் தென்மாவட்ட வெள்ளத்துக்கும் சேர்த்து மாநிலம் கேட்டது 37,000 கோடிக்கு மேல். 2024 ஏப்ரலில் தேசியப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து விடுவிக்கப்பட்டது சுமார் 276 கோடி. மீதிச் சுமை மாநிலத்தின் தலையில்தான் விழுந்தது.

இப்போது மரத்தின் கணக்கு. ஆறு முதல் எட்டடி உயரக் கன்று, மூன்றடிக்கு மூன்றடி குழி, செம்மண்ணும் தொழுவுரமும், முட்டுக்கம்பு, இரும்புக் கூண்டு, மூன்று ஆண்டுத் தண்ணீர், கவாத்து (கிளை கழித்தல்), பட்டுப்போனதற்கு மாற்றுக் கன்று. எல்லாம் சேர்த்து ஒரு மரத்துக்கு 5,000 ரூபாய் என்று தாராளமாகவே வைப்போம். ஒரு லட்சம் மரத்துக்கு 50 கோடி ஆகிறது. அதுவும் மூன்று ஆண்டுகளில் பரவிய செலவு. ஒரே ஒரு புயலின் ரொக்க நிவாரணத்தில் இது மூன்றரை சதவீதம்கூட இல்லை. மரச்செலவை வெட்டி நிவாரணத்தைப் பெருக்கலாம் என்பது எண்ணில் நிற்காத வாதம்.

எதற்கு எது உதவும்

மரம் வெள்ளத்தைத் தடுக்கும் என்று சொல்லிப் பணம் கேட்பவர்கள் மரத்துக்கே கேடு செய்கிறார்கள். இரண்டு நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டும் மழையில் தழை தாங்கும் தண்ணீர் மிகச் சொற்பம். முதல் சில மணி நேரத்திலேயே இலையும் மண்ணும் ஊறிவிடும். அதன்பின் வேலை செய்வது வடிகாலும் ஏரியும் சதுப்பு நிலமும்தான். வேளச்சேரியில் எத்தனை புங்கன் வைத்தாலும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுருங்கியதற்கு ஈடாகாது. 2023 டிசம்பரில் சென்னைப் படுகை வெள்ளத் தணிப்புக்கு 561 கோடியில் ஒப்புதலான திட்டம் அந்த வழியில் போக வேண்டிய பணம். அதை மரத்தோடு குழப்ப வேண்டாம்.

மரத்தின் நியாயம் வெயிலில் இருக்கிறது. பஸ் நிறுத்தத்தில் நிற்பவர், தள்ளுவண்டிக்காரர், தூய்மைப் பணியாளர், கட்டட வேலைக்காரர் ஆகியோருக்கு ஏப்ரல் முதல் ஜூன் வரை நிழல் என்பது உடல்நலப் பாதுகாப்பு. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநில அளவிலான பேரிடராக அறிவித்து, உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று வைத்தது. இது சரியான முடிவு. ஆனால் 2021–26 காலத்து விதிமுறைப்படி, இப்படி மாநிலமே அறிவிக்கும் பேரிடர்களுக்கு நிவாரண நிதியில் 10%தான் செலவழிக்கலாம். வெயிலில் வீழ்ந்தபின் கொடுப்பதற்கே எல்லை இருக்கும்போது, வீழாமல் காக்கும் செலவைத் தள்ளிப்போடுவதில் நியாயம் இல்லை.

நிவாரணத்தின் பலம் வேகம். அரிசி நனைந்து, கூலி நின்று, மெத்தையும் மிக்சியும் போன வீட்டுக்குப் பத்தாண்டு கழித்து வரும் நிழல் பதிலாகாது. தண்ணீர் வடிந்த பத்து நாளுக்குள் கையில் வரும் ரொக்கம்தான் கந்துவட்டிக்குப் போகாமல் காக்கும். அந்த இடத்தில் எங்கள் ஓட்டு நிவாரணத்துக்கே.

எங்கே கோணலாகிறது

நிவாரணத்தில் கோளாறு பெரும்பாலும் முகவரியில். ரேஷன் கடை வழியாகக் கொடுப்பது வேகமான வழி. ஆனால் அட்டை தென்காசியில், குடியிருப்பது மடிப்பாக்கத்தில் என்றால் டோக்கன் தானாக வீடு தேடி வராது. அவர் தனியாக மனு எழுதி, சரிபார்ப்புக்குக் காத்திருக்க வேண்டும். வடமாநிலத் தொழிலாளிக்கு இங்கே அட்டையே இருக்காது. அதே வட்டத்தில் மேட்டுத் தெருவில் சொட்டுத் தண்ணீர் ஏறாத வீட்டுக்கும் அதே தொகை போகும். தெருவாரியாக எவ்வளவு நேரம், எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது என்ற பதிவு மழைக்கால முகாம்களிலேயே எழுதப்பட்டால் இந்தக் குறை பாதியாகும்.

மரத்தில் கோளாறு மண்ணுக்குள். நடைபாதையின் கான்கிரீட்டை உடைக்கச் சோம்பி ஓரடிக் குழி தோண்டுவார்கள். உடைத்த கல்லையும் சிமெண்ட் கட்டியையும் அதிலேயே போட்டு மூடுவார்கள். பாலித்தீன் பையைக் கிழிக்காமல் வைத்த கன்றின் வேர் பைக்குள்ளேயே சுருண்டு சுற்றும். மேலே நாலு வருஷம் தழைத்துவிட்டு, ஐந்தாம் வருஷக் காற்றில் வேரோடு சாயும். தப்பிப் பிழைத்து வளர்ந்த மரத்தின் பக்கத்தில் மழைநீர் வடிகால் வேலை வரும். ஜே.சி.பி. அடிமரத்துக்கு ஓரடி தள்ளி நேர்கோட்டில் பள்ளம் எடுக்கும். அந்தப் பக்கத்துத் தாங்குவேர் முழுக்கப் போய்விடும். கிளையை மின்கம்பிக்காக ஒரு பக்கம் மட்டும் கழித்திருந்தால் பாரம் மறுபக்கம் சாய்ந்திருக்கும். விழுந்தபின் வேர்த்தட்டைப் பாருங்கள்: ஒரு பக்கம் கத்தியால் நறுக்கியதுபோல் தட்டையாக இருக்கும்.

2016 டிசம்பர் 12 வர்தா புயலில் இதுதான் நகரம் முழுக்கத் தெரிந்தது. ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. இயல்வாகை, செம்மயிற்கொன்றை, தூங்குமூஞ்சி போன்ற வேகமாக வளரும் வெளிநாட்டு மரங்கள் அதிகம் விழுந்தன. வேம்பு, புன்னை, பூவரசு, பனை ஒப்பளவில் தாங்கின. விழுந்த மரம் மின்கம்பியை அறுத்தது, சாலையை மறித்தது, மீட்பு வண்டியை நிறுத்தியது. தப்பாக நட்ட மரம் நிவாரணச் செலவைக் கூட்டுகிறது. இரண்டையும் எதிரெதிராக வைத்துப் பேசுபவர்கள் இந்தத் தொடர்பை விட்டுவிடுகிறார்கள்.

மியாவாக்கி எனும் அடர்வன நடவு முறை பற்றி ஒரு வார்த்தை. சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்று என்று நெருக்கி நட்டால் எண்ணிக்கை கொழுக்கும். பறவைக்கும் பூச்சிக்கும் நல்லது. பஸ் நிறுத்தத்துக்கு நிழல் தராது. தெருமரக் கணக்கில் அதைச் சேர்க்கக் கூடாது.

உண்மையான மோதல் ஆட்களில்

வடகிழக்குப் பருவமழைதான் சென்னைக்கு ஆண்டு மழையில் ஏறக்குறைய 60 சதவீதத்தைத் தருகிறது. கன்று வேர்பிடிக்க அக்டோபர் மழை அருமையான காலம். வெள்ளக் கட்டுப்பாட்டு அறை திறப்பதும் அதே அக்டோபரில்தான். வார்டு பொறியாளர், லாரி, ஜே.சி.பி., மரம் அறுக்கும் ஆட்கள் எல்லாம் மோட்டார் பம்புக்கும் முகாமுக்கும் போய்விடுவார்கள். போகத்தான் வேண்டும். நடவு நின்றுபோகும். பிறகு அடுத்த ஜூன் 5 சுற்றுச்சூழல் நாளில், கத்திரி முடிந்து ஒரு வாரமே ஆன சுடுமண்ணில் விழா எடுத்து நடுவார்கள். அந்தக் கன்றுகளில் பெரும்பகுதி கருகத்தான் செய்யும்.

இதற்கு வழி இருக்கிறது. ஜூலையில் குழி தோண்டி மண் மாற்றி ஆறப்போட வேண்டும். ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசிக்குள் மாலை இடிமழையை நம்பி நட்டு முடித்துவிட வேண்டும். பழைய மரங்களின் கவாத்தும் அதே காலத்தில், நாலு பக்கமும் சமமாக. மின்கம்பிக்குக் கீழே சரக்கொன்றை, மந்தாரை போதும். அகலச் சாலையில் வேம்பு, புங்கன், மகிழம், புன்னை.

தண்ணீரை ஜனவரியிலேயே தனி ஒப்பந்தமாகப் பிரிக்க வேண்டும். பிப்ரவரி முதல் ஜூன் வரை 20 வாரம், வாரம் இரண்டு முறை, முறைக்கு 20 லிட்டர் என்றால் கன்றுக்கு 800 லிட்டர். 10,000 கன்றுக்கு 80 லட்சம் லிட்டர். 9,000 லிட்டர் லாரியில் ஏறக்குறைய 890 நடை. இந்த 890 நடைக்கு வரவுசெலவுத் திட்டத்தில் தனி ஒதுக்கீடு இல்லையென்றால் 10,000 கன்று என்பது காகிதத்தில் மட்டும்தான்.

பணத்துக்கு எங்கள் யோசனை, தணிப்பு நிதிக்கென்று பிரித்த அந்த 20%. உள்ளூர் அளவிலான, மக்கள் பங்கேற்கும் பணிகளுக்குத்தான் அது என்று நிதிக்குழு சொன்னது. பெரிய கரைச்சுவர்களை வழக்கமான திட்டங்களுக்கு விட்டுவிட்டது. வெயில் இங்கே அறிவிக்கப்பட்ட பேரிடர் என்பதால், பஸ் நிறுத்தம், சந்தை, அரசுப் பள்ளிச் சாலைகளுக்கான நிழல்மரத் திட்டத்தை அந்த நிதிக்கு முன்வைக்கலாம். ஒப்பந்தக்காரருக்கு நட்ட அன்று 30% மட்டும். மீதி, 12, 24, 36-வது மாதங்களில் உயிரோடு நிற்கும் மரத்தை எண்ணிப் பார்த்த பிறகு.